ஓட்டுநருடன் பேசாதீர்கள்

அக்டோபரில் தண்டவாளமெங்கும் இலை.
நசுங்கிய இலை சோப்பு மாதிரி.
வூச் நகரத்தில் ட்ராம் ஓட்டும் எவரைக் கேட்டாலும் சொல்வார்:
பதறிப்போய் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காது,
வழுக்கும்.
மணல் தூவி, மெல்ல மெல்ல அழுத்த வேண்டும்.
பத்தொன்பது வருஷமாக அழுத்துகிறேன்.
வீட்டில் மட்டும் மறந்துபோனேன்.

"அவனா, நானா?"
கேட்டது நான்தான்.
பதிலைக் கையிலேயே வைத்திருந்தாள் கலினா.
பதினாறு வயசு.
ஒரு முதுகுப்பை, முடி நேராக்கும் மிஷின்,
என்னுடைய பழைய பச்சை ஸ்வெட்டர்.
பதினோரு நாள்.

அவன் பெயர் செவெரின். இருபத்துமூன்று.
கார் வைத்திருக்கிறான்.
அதன் தவணையை யார் கட்டுகிறார்கள் என்பது
இப்போதுதான் தெரிந்தது:
சனிக்கிழமைதோறும் பேக்கரியில் கால்கடுக்க நின்று
அவள் சம்பாதித்ததெல்லாம் அங்கே போயிருக்கிறது.
அவள் போனின் ரகசிய எண் அவனுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியாது.
திரை நொறுங்கிய போன்.
கேட்டால், "கை தவறிடுச்சு."
யார் கை என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வந்தாள்.
அவளுக்கென்று சேர்த்துவைத்திருந்த வாக்கியங்கள்,
குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தவை,
தொண்டைவரை வந்தன.
"சூப் இருக்கு" என்றேன்.
அடுப்படியில் நின்றபடியே குடித்தாள், சட்டியோடு.
மேலுதட்டில் பீட்ரூட் சிவப்பு, அஞ்சு வயசில் போலவே.
துடைக்க எழுந்த கையை
இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கீழே ஹார்ன்.
இரண்டு தரம்.
நாயைக் கூப்பிடுகிறவன்கூட
பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.
அவள் ஓடினாள், ஒரு ஷூவின் நாடாவைக்கூடக் கட்டாமல்.

இவள் அப்பாவுக்காக நானும் ஜன்னல் வழியே இறங்கியவள்தான்.
முதல் மாடி என்பதால் கால் தப்பியது.
அந்த வாரமே அம்மா பூட்டை மாற்றினாள்.
மாற்றியதைத் தெருவுக்கெல்லாம் சொன்னாள்.
முதல் அடி விழுந்த இரவு
எனக்குப் போக ஒரு கதவு இருந்திருந்தால்
நாலு வருஷம் மிச்சமாகியிருக்கும்.
அதனால் என் வீட்டுக்கு இன்றைக்கும் பழைய பூட்டு, பழைய சாவி.
ஒன்று அவளிடம் இருக்கிறது.
தொலைத்துவிட்டாளோ என்னவோ.

நேற்று இரவு. பதினொன்று நாற்பது.
மழை. பத்தாம் எண்ணின் கடைசி வண்டி.
மருத்துவமனை நிறுத்தத்தில் இருவரும் நின்றிருந்தார்கள்.
அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.
கையைப் பிடிப்பது வேறு,
மணிக்கட்டைப் பிடிப்பது வேறு.

கதவைத் திறந்தேன்.
அட்டவணை தருவது பன்னிரண்டு விநாடி.
நர்ஸ் ஒருத்தி ஏறினாள். குடைக்காரர் இறங்கினார்.
இருபது. முப்பது.
பின்னால் யாரோ முனகினார்கள்.
ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை கேட்டது:
"பத்து, ஏன் நிற்கிறாய்?"
இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம்.
போன மாதம் அதைத்தான் செய்தேன்.
அவள் அவன் பக்கம் நின்றாள்.

மணியை அடித்தேன்.
ஒரே தரம், நீளமாக.
நிறுத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.
அவன் விரல்கள் தளர்ந்தது அந்த ஒரு கணம்தான்.

முன்கதவில் ஏறினாள்.
என் முதுகுக்குப் பின்னே, தடுப்புக் கண்ணாடியை ஒட்டிய இருக்கை.
கண்ணாடியில் வழக்கமான ஸ்டிக்கர்:
வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.
பேசவில்லை.
மேல் கண்ணாடியில் அவள் நனைந்த தலை மட்டும் தெரிந்தது,
வெள்ளிச் சாயம் வெளுத்து, வேரில் அவள் சொந்த நிறம்.

ஆறு நிறுத்தம் கழித்து,
"நாளைக்கு உனக்கு எந்த ஷிஃப்ட்?"

"மதியம்" என்றேன்.
விதியை மீறிய முதல் வார்த்தை.
இரண்டாவது வார்த்தையைக் கடித்து விழுங்கினேன்.

அவள் மடியில் அந்த நொறுங்கிய திரை
ஒளிர்ந்து ஒளிர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது.
எடுக்கவில்லை.
அணைக்கவும் இல்லை.

வளைவு வந்தது.
மணல் தூவினேன்.