தலைக்கு மேல் முக்கோணம்

முட்டியில் ஜவ்வு கிழிந்த அன்றே
கைப்பேசியின் கண்ணாடியும் உடைந்தது.
முட்டிக்கு ஆறு வாரம் என்றார் டாக்டர்.
கண்ணாடிக்கு அரைமணி நேரம் என்றான்
முல்லா வீதி சர்புதீன்.
"சும்மா உக்காராதீங்க மேடம், இதப் பிடிங்க"
என்று கையில் திணித்தான்
ரப்பர் தேய்ந்த ஒரு கன்ட்ரோலரை.

பாதி இறக்கிய ஷட்டர். சால்டரிங் புகை.
ரிப்பேருக்குக் கொடுத்து யாரோ வாங்க வராத டிவி.
அதில் பச்சையென்றால் பச்சை, அப்படி ஒரு மைதானம்.
உப்பளத்தில் பதினான்கு வருஷம் விசில் ஊதியிருக்கிறேன்,
ஒரு மழைக்காலத்திலும் பார்த்ததில்லை இவ்வளவு புல்லை.

பெருக்கல் குறி என்றால் பாஸ்.
வட்டம் என்றால் கோலை நோக்கி உதை.
அது பந்து நம்மிடம் இருக்கும்போது.
பந்து அவர்களிடம் போய்விட்டால்
அதே வட்டம் காலை வாரும்.
"அதெப்படி, ஒரே பட்டன்?" என்றேன்.
"அப்படித்தான்" என்றான்.
அதற்குள் ஒரு கோல் போட்டிருந்தான்.

சட்டம் எனக்குத் தெரியும்.
பதினேழு விதிகளையும் தூக்கத்தில் சொல்வேன்.
கட்டைவிரலுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.
என் ஆட்கள்
கடற்கரைச் சாலையில் காற்று வாங்க வந்தவர்கள் போல
எல்லைக்கோட்டைத் தாண்டி நடந்துபோனார்கள்.
கோல்கீப்பர் பந்தை
பார்சல் கொடுப்பதுபோல் எதிராளியிடம் கொடுத்தார்.
நாலு பூஜ்ஜியம். ஏழு பூஜ்ஜியம்.

"மேடம், நீங்க வேற யாரையோ பாக்குறீங்க.
தலைக்கு மேல சின்னதா முக்கோணம் இருக்கு பாருங்க,
அவன்தான் நீங்க."

தேடினேன்.
இருபத்திரண்டு பேரையும் ஒருசேரப் பார்ப்பதும்
அதில் ஒருத்தியாக இல்லாமல் இருப்பதும்தான்
நான் பழகிய வேலை.
கறுப்புச் சட்டைக்காரியிடம் யாரும் பந்து கேட்பதில்லை.
இப்போது நான் இடது ஓரத்தில் இருக்கிறேன்,
இல்லை, நடுவில்.
பாஸ் போனதும் முக்கோணமும் கூடவே போய்விடுகிறது.
என்னை நான் கண்டுபிடிப்பதற்குள்
வேறு யாரோ ஆகிவிடுகிறேன்.

அப்புறம் ஒருநாள் பவுச் வாங்கப் போனேன்.
ஒருநாள் சார்ஜர்.
ஒருநாள், போகிற வழியில்தானே என்று,
வழியே இல்லாத வழியில் சமோசாவோடு போனேன்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்.
சர்புதீனின் ஆள் கோலுக்கு எதிரே தனியாக ஓடினான்.
வட்டத்தை அழுத்தினேன்.
வேண்டுமென்றே அழுத்தினேன்,
அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.
புல்லில் சறுக்கி, பந்தின் பக்கம்கூடப் போகாமல்,
நேராகக் கணுக்கால்.

விசில்.
நான் ஊதாத விசில்.
முகம் சரியாக வரையாத ஒருவன் ஓடிவந்து
சிவப்பைத் தூக்கினான்.
"பந்துலதான்யா பட்டுது!" என்று கத்தினேன்.
ஷட்டருக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர்
நின்று பார்த்துவிட்டுப் போனது.
அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நானும் பார்த்ததில்லை.

தலை குனிந்து வெளியே நடந்தேன்.
கோடு தாண்டுவதற்குள்
முக்கோணம் தாவி
வேறொருவன் தலையில் உட்கார்ந்தது.
ஆட்டம் தொடர்ந்தது. நான் உள்ளேயே இருந்தேன்.

அரியாங்குப்பத்துப் பையன் ஒருவன், ஆறாம் எண்,
அரையிறுதியில் நான் வெளியே அனுப்பியவன்,
தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்து
ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்
கடைசி விசில் வரைக்கும்.
கார்டு சரிதான். இன்றைக்கும் அதையே காட்டுவேன்.
ஆனால் அவனுக்கு எதுவும் தாவவில்லை.

"இனிமே பத்து பேர வச்சுதான் ஆடணும்.
விட்டுடலாமா மேடம்?"

"ஆடு."

பெருக்கல். பெருக்கல். வட்டம்.
பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
என் முதல் கம்பம்!
கட்டைவிரலில் கொப்புளம்.
ஸ்டூலுக்குக் கீழே, கட்டுப் போட்ட கால்
தானாக ஒருமுறை உதைத்திருந்தது.
வலித்த பிறகுதான் தெரிந்தது.