அடியோரம்

ஆறு கம்பங்கள்.
அவற்றின் காலடியில் ஆறு பெயர்கள்
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன,
பெட்டிக்குள் மீன்கள் மாதிரி,
வால் எது தலை எது தெரியாமல்.
"சுழல்பொறியில் கை சிக்கியது" என்பதன் கை
"மேல்தளத்தில் வழுக்கினார்" என்பதன் வாய்க்குள்.

இஸாஃபியோர்துரில் ஜனவரி.
இரண்டு மாதமாகச் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம்.
மீனவர் காப்பீட்டு அலுவலக மாடியில்
பகல் பன்னிரண்டுக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு
தோர்கட்லா
பத்து வருட விபத்துகளை ஒரே தாளில் அடக்கப் பார்க்கிறாள்.
நாளைக் காலை கூட்டம்.

முதலில் எழுத்தைப் பொடியாக்கினாள்.
தலைவருக்குக் கண் மங்கல். ஆகாது.
நாற்பத்தைந்து பாகை சாய்த்தாள்.
புயலில் சரிந்த வேலிபோல் ஆறும் ஒருபக்கமாய் நின்றன,
படித்து முடிப்பதற்குள் கழுத்து சுளுக்கியது.
சுருக்கி எழுதலாம்தான்.
"சு. கை. சி." என்று போட்டால்
கை போனவன் பார்த்து என்ன நினைப்பான்?

சரி, வரியை உடைப்போம்.
சாய்கோடு ஒன்று, ஒட்டினாற்போல் ஒரு என்.
இயந்திரம் சொன்னதைச் செய்யவில்லை,
சொன்னதை அப்படியே எழுதியது.
உடை என்ற கட்டளை உடையாமல்
பெயரின் நடுவே நின்றது,
தொண்டையில் முள்.
சாய்கோடு இரண்டாகிப்போனதைக் கண்டுபிடிக்க
முக்கால் மணி நேரம்,
ஆறிப்போன காப்பி,
ஒரு கெட்ட வார்த்தை.

பன்னிரண்டு எழுத்துக்கு ஒரு வரி என்று
அளவு கொடுத்தும் பார்த்தாள்.
வழுக்கி
னார் என்று வந்தது.
சீருக்காகச் சொல்லை அறுத்தால்
நம் யாப்பில் அதற்கு வகையுளி என்று பெயராவது உண்டு.
அவளிடம் பெயரில்லை.
ஒவ்வொன்றாகக் கையால் உடைத்தாள்,
மூச்சு எங்கே நிற்குமோ அங்கே,
உதட்டை அசைத்துப் பார்த்து.

ஆறாவது கம்பம் குட்டை. அளவு மூன்று.
அதன் பெயர்தான் நீளம்.
கடலில் விழுந்தார்,
கிடைத்தார்
இல்லை.
அவர்கள் மொழியிலும் நம்முடையது போலத்தான்,
வினை முதலில் வந்துவிடும்.
இல்லை பின்னால் வரும்.
அது வரும்வரை
நம்பிக்கொண்டிருக்கலாம்.

அச்சுக்கு அனுப்பினாள்.
ஐந்து பெயர்களும் இரண்டிரண்டு வரியில் அடங்கின.
ஆறாவதுக்கு மட்டும் மூன்றாவது வரி
தாளின் ஓரத்துக்குக் கீழே போய்விட்டது.

கடலில் விழுந்தார்,
கிடைத்தார்.
மூன்று பேர்.

அவள் உடனே திருத்தவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
மறுபடி போட்டுக்கொண்டாள்.
மூன்று பேரும் அப்போதும் கிடைத்துத்தான் இருந்தார்கள்.
வெளியே துறைமுகத்தில் யாரோ
பனியைச் சுரண்டும் சத்தம்.

பிறகு அடியோரத்தை அரை அங்குலம் கூட்டினாள்.
இல்லை
மேலே வந்தது.

மூவரில் ஒருவன் ஸ்னைப்யோர்னின் தம்பி.
அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்,
யாரும் பேசுவதில்லை.
அச்சு இயந்திரத்துக்கு மை மாற்றுவது
ஸ்னைப்யோர்ன்தான்.

சாயங்காலம் கதவைத் தட்டினார்,
மை படிந்த விரலில் ஒரு தாள்.
"இது தப்பாக வந்த பிரதிதானே? கூட்டத்துக்கு வேண்டாமே?"
வேண்டாம் என்றாள்.
"பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது,
எதையாவது குறித்துக்கொள்ள ஆகும்."

மடித்தார்.
முதலில் குறுக்கே மடித்தார், பிரித்தார்.
கம்பங்களின் மேல் கோடு விழாதபடி
நீளவாக்கில் மறுபடி மடித்து
சட்டைப்பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு வெயில் வருமாம்," என்றார்,
"எதிர்த்த வீட்டுக் கூரை வரைக்கும்."