யானைக்கு வசனம் இல்லை

பதினொரு பிரதி. இருபத்தாறு பிள்ளைகள்.
ஒட்டுசுட்டான் போட்டோகொப்பிக் கடைக்காரர்
மை முடிந்ததென்று நிறுத்தியது பதினொன்றில்.
கடைசிப் பிரதியில்
நான் கீறிய ஒல்லாந்துத் தொப்பி
பாதிதான் விழுந்திருந்தது.

ஒரு தாளுக்கு இரண்டு தலை, சிலதுக்கு மூன்று.
மேடை இல்லை, உடுப்பு இல்லை, மனப்பாடம் இல்லை.
வாங்கில் இருந்தபடி வாசித்தால் போதும்.
வன்னியர் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்தனர்:
பாடத்தில் அது ஒரு வரி,
சோதனையில் இரண்டு புள்ளி.
அந்த வரி எப்படி நடந்து போயிருக்கும் என்று
இரண்டு இரவு இருந்து
மூன்று காட்சி எழுதினேன்.

றொயிஸ்ரன் தளபதி.
குரலை வயிற்றிலிருந்து எடுத்தான்.
அதிபரின் குரல் அது;
எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரும் சொல்லவில்லை.
டனுசியா கணக்கப்பிள்ளை.
அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்தே வாசித்தாள்:
“இன்னும் மூன்று யானை பாக்கி மேசையில் தட்டுகிறார் மௌனம்.”
மௌனம் என்ற சொல்லை
அவ்வளவு சத்தமாய் நான் கேட்டதில்லை.
சிரிப்பு வகுப்பைச் சுற்றிப் போய்
கடைசி வாங்கில் நித்திரையாய்க் கிடந்த
யதுசனை எழுப்பியது.

இரவிரவாய்க் கச்சான் காவல் அவனுக்கு.
விரல்களில் யானைவெடி மணம்.
ஏச மனம் வரவில்லை.
பாத்திரங்களும் முடிந்துபோயிருந்தன.
“நீ யானை” என்றேன்.

தாளைப் புரட்டினான், முன்னும் பின்னும்.
“ரீச்சர், யானைக்கு வசனமே இல்லை.”
“யானை கதைக்காதுதானே.”
“ஆர் சொன்னது?”

எழும்பி நின்றான்.
“இந்தக் காட்சி பிழை, ரீச்சர்.
அலியன் கூட்டத்தோட வராது.
தாய்தான் முன்னுக்கு. வந்து நிக்கும். காது ஆடாது.
நாங்கள் ஒளிச்சிருக்கிறது அதுக்குத் தெரியும்.
வெடி கொளுத்தினாலும் உடன ஓடாது,
குட்டி திரும்பும் மட்டும் நிக்கும்.
அப்பிடிப்பட்டதைக் கயிறு போட்டுக்
கடற்கரை மட்டும் கொண்டு போறதெண்டால்
எத்தினை நாள்?
ஆர் கூட நடந்தது?
தண்ணி எங்க குடிச்சது?”

எனக்குத் தெரியாது.
ஆசிரியர் வழிகாட்டியிலும் இல்லை.

தளபதி தொண்டையைச் செருமினான்.
“சரி, இரண்டு போதும்” என்றான்,
தாளில் இல்லாத வரி.
“மூன்று” என்றாள் கணக்கப்பிள்ளை,
பென்சிலால் மேசையில் தட்டி.
மணி அடித்தது. அடுத்தது கணிதம்.

சேர்த்து எண்ணியபோது பத்துப் பிரதிதான் இருந்தது.
பதினொன்றாவது காலையில் வந்தது,
மடிப்பில் செம்மண்ணோடு.
மௌனம் என்றிருந்த ஒவ்வொரு இடத்திலும்
அந்தச் சொல்லை வெட்டி,
குண்டு எழுத்தில்:

யானை: (குளத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது.)
யானை: (குட்டியை எண்ணுகிறது.)
யானை: (இன்னும் நிற்கிறது.)

கடையில் மை இன்னும் வரவில்லையாம்.
கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.