ஊர் என்னும் கட்டம்

இந்த ஊர்ப் பாறைகளில் எலும்பு இராது.
கோணமலை எலும்புக்கும் முந்தியது.
அது இறுகி முடித்தபோது
கடிக்க ஒரு வாய்
உலகத்தில் எங்கும் இருக்கவில்லை.

ஆகவே இந்தத் தாடை
இங்கே பிறந்ததல்ல.
உப்புவெளிக் கடலரிப்புக்குக் கொட்டிய கல்லோடு
ஜவ்பரின் லொறியிலிருந்து இறங்கியது.
மூன்று குவாரி, இரண்டு தரகர்,
துண்டு எழுதாத ஓர் இரவு.
எங்கே ஏற்றினது என்று கேட்டால்
மேற்கே கையைக் காட்டுகிறார்,
பிறகு கொஞ்சம் வடக்கே.

வளாகத்தில் எக்ஸ்றே இயந்திரம் இல்லை.
பெரியாஸ்பத்திரியின் பல் பிரிவில்
கன்னம் வீங்கிய பையன் ஒருவனுக்குப் பின்னால்
துவாயில் சுற்றிய கல்லை மடியில் வைத்து
நாற்பத்தேழாம் இலக்கத்தோடு காத்திருந்தேன்.
வாசலில் நகரத்து மான் ஒன்று
யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டு நின்றது.
துவாய்க்குள் என்ன என்று அதற்குத் தெரியாது.

டொக்டர் தயாபரி ஒன்றும் கேட்கவில்லை.
எழுதுவினைஞர் கேட்டார்.
பெயர்?
இன்னும் வைக்கவில்லை.
வயது?
பதினாறு கோடி, முன்பின் எழுபது லட்சம்;
கல்லில் ஒட்டியிருந்த பன்ன வித்துகளின் கணக்கு.
அவர் பேனையை மூடி என்னைப் பார்த்தார்.
ஊர்?

விவரிப்பது இப்படி.
இடது கீழ்த்தாடை, முன்பாதி. பதினொரு குழி.
மூன்றில் பல் நிற்கிறது.
நாலாவதில், எக்ஸ்றேயில் மட்டும் தெரியும்படி,
முளைக்கவிருந்த ஒரு புதுப்பல்;
பதினாறு கோடி ஆண்டாய் முளைக்கவிருக்கிறது.
விளிம்பில் மில்லிமீற்றருக்கு மூன்று அரம்.
உட்புறத்தில் ஒரு நரம்பு போன வழி.
பயங்கரம் என்று எழுதக்கூடாது.
பசி என்று எழுதக்கூடாது.
ஊனுண்ணி என்று எழுதலாம்.
ஆறாம் பல்லின் முனை தேய்ந்திருக்கிறது:
எதையோ கடித்திருக்கிறது,
பலமுறை கடித்திருக்கிறது.

பெயரோடு ஆட்கள் வந்தார்கள்.
ஒருவர் ஓர் அரசனைக் கொண்டுவந்தார்.
அடுத்த கிழமை இன்னொருவர்
அவனோடு பொருதிய அரசனை.
கண்டெடுத்தவர் பெயரே முறை என்று
கிண்ணியாவுக்குப் போனேன்.
ஜவ்பர் பிளேன்டீயைக் கீழே வைத்தார்.
"வேணாம் மிஸ். இறைச்சி தின்னிக்கு எங்கட பேரா?
மகள் ஸ்கூலுக்குப் போறவள்.
லொறிட நம்பர வேணுமெண்டா வைங்க."

திரும்பும்போது பாலத்தின் நடுவில்
பஸ் பழுதாகி நின்றது.
கீழே தண்ணீர் கடலுக்கா குடாவுக்கா என்று
முடிவெடுக்காமல் கிடந்தது.
அங்கேதான் இரண்டு சொல் வந்தன.

எயிறு.
பழந்தமிழ்ப் பெண்களின் வாயில்
முல்லை மொட்டாய் இருந்ததைப்
பிடுங்கி இதற்கு வைத்தேன்.

ஏதிலி.
ஒரு காலம் அயலான் என்று பொருள், பகைவன் என்றும்.
எங்கள் காலத்தில்
நிவாரண வரிசையில் நின்றவர்கள் என்று பொருள்.
அலஸ்தோட்ட முகாமில் ஐந்து வயதில் நின்றேன்.
அலுவலர் என் பெயரை
இரண்டு பக்கத்தில் இரண்டு விதமாய் எழுதினார்.
இரண்டுக்கும் மா கிடைத்தது.

எயிறுசோரஸ் ஏதிலி.
லத்தீன் எழுத்தில் முதற்சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து,
ஏதிலிக்குச் சிறியது. விதி அப்படி.
ஆண்பாலா பெண்பாலா என்று மீளாய்வாளர் கேட்டார்.
ஒட்டி நிற்கும் பெயர்ச்சொல், பாலால் மாறாது என்றேன்.
கிடைத்த இடம்: கடற்கரை, கொட்டிய கல்.
பிறந்த இடம்: தெரியாது.
அந்தத் 'தெரியாது'வை மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள்.
மூன்று தரமும் அப்படியே விட்டேன்.

கட்டுரை வந்த அன்று
எக்ஸ்றே உறையைத் தேடி எடுத்தேன்.
எழுதுவினைஞர் யாரையும் கேளாமல் நிரப்பியிருக்கிறார்,
சாய்வான நீல எழுத்தில்.
பெயர்: கல்லு.
வயது: பெரியவர்.
ஊர்: திருகோணமலை.
அடுத்த வருகை: ஆறு மாதத்தில்.