நாற்பத்தொரு சென்றிமீற்றர் ஆழத்தில்

கோமாரிக் களப்பில் குழாய் இறக்கினோம்.
தோணி அழகரெத்தினத்தினுடையது.
சுத்தியல் ஹம்ஸியாவின் கையில்.
நான் இடுப்பளவு நீரில்
குழாயைக் கட்டிப்பிடித்தபடி.

சேறு. இன்னும் சேறு.
நாற்பத்தொன்றில் அரைச் சாண் வெண்மணல்,
அதற்குக் கீழே பழையபடி கறுத்த சேறு,
இடையில் ஒன்றுமே நடக்காததுபோல.

அரிசி அரிக்கையில் கல் அடியில் தங்கும்,
கல்லை எறிந்துவிட்டு உலை வைப்போம்.
என் வேலை தலைகீழ்.
இலேசானதெல்லாம் நீரோடு போக
இல்மனைற்றைக் காந்தம் கொண்டுபோக
மிச்சம் கடதாசியில் ஒரு சிட்டிகை,
சீனியைவிடப் பொடி.
சிர்கோன்.

உருவாகும்போது
யுரேனியத்தை உள்ளே விடும்,
ஈயத்தை வாசலிலேயே மறித்துவிடும்.
பின்னாளில் உள்ளே ஈயம் இருந்தால்
அது விருந்துக்கு வந்ததல்ல,
அந்த வீட்டிலேயே பிறந்தது.
தலைகளை எண்ணினால் வயது.

மயிரிழையில் பாதிகூட இல்லாத குழி,
ஒவ்வொரு மணியிலும் லேசர் சுட்டது.
நூற்றுப் பதினேழு மணிகள்.
ஒன்று நூற்றுத் தொண்ணூறு கோடி ஆண்டு.
பலவற்றின் நடு நூறு கோடி,
விளிம்பு ஐம்பத்தைந்து கோடி:
இரண்டு நிலங்கள் முட்டிக்கொண்டபோது
பழைய மணிமேல் படர்ந்த புதுத்தோல்.
அன்று எழுந்த மலையில்
பனி இருந்ததோ என்னவோ, பார்த்தவர் இல்லை.
மீன் என்று ஒன்று கடலுக்கே இன்னும் வரவில்லை.
மலையை மழை தின்றது.
அடிவயிறு பொத்துவில் வீதியோரம்
மொட்டைப் பாறையாய் வெயில் காய்கிறது.
மேல்பாதியில் கொஞ்சம்
என் கடதாசியில்.

ஒரு படிவு
தன் இளைய மணியைவிட மூத்ததாக இருக்க முடியாது.
சட்டம் அவ்வளவுதான்.
ஆகவே இந்த மணல் படிந்தது
ஐம்பத்தைந்து கோடி ஆண்டுக்குப் பிறகு
என்றோ ஒருநாள்.
பொய்யில்லை.

இரண்டாம் முறை போனபோது
அழகரெத்தினத்திடம் சொன்னேன்.
துடுப்பை நிறுத்தாமல் கேட்டார்.
பிறகு சொன்னார்:
"அது வந்து கிடந்தது ஞாயிற்றுக்கிழமை.
காலம்பற, ஒன்பது மணிபோல."

குழாயை நீளவாக்கில் பிளந்த அன்று
மணலுக்குள் ஒரு பிஸ்கற் உறை இருந்தது,
நாலாய் மடிந்து.
கழுவிப் பார்த்தோம். ஊதா மை இன்னும் பிடித்திருந்தது:
உற்பத்தி 2004 ஒக்ரோபர்.
காலாவதி அடுத்த ஏப்ரல்.

அட்டவணையில்
நூற்றுப் பதினெட்டாவது வரி போட்டேன்.
மணி: உறைத் துண்டு.
ஈயம்: அளக்கப்படவில்லை.
"ஆய்விதழ்க்காரர் வெட்டுவாங்க" என்றாள் ஹம்ஸியா.
வெட்டட்டும் என்றேன்.
அவளும் அழிக்கவில்லை.

தோணியைக் கரையில் ஏற்றும்போது
அவர் ஒன்று கேட்டார்,
கயிற்றைப் பார்த்தபடி:
"இளையதை வெச்சுத்தான் வயசு சொல்லுவீங்களோ?"

ஓம் என்றேன்.

கண்டல் வேரில்
கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினார்.
போதும்தான்.
பிறகு மூன்றாவது சுற்று,
நான்காவது.