பதினோரு விநாடி

மூன்று சைக்கிளைக் கழற்றி ஒன்று கட்டுவான் த்மீத்ரோ.
"கியரே வேண்டாம்" என்றேன்.
வின்னிபெக்கின் உப்புச்சேறு போன குளிரில்
கேபிளைத் தின்று தீர்த்திருந்தது.
பிப்ரவரியில் உறைந்த ஒரே கியரில்
ஏப்ரல்வரை வேலைக்குப் போனவள் நான்.

பின்சக்கரத்தைத் தூக்கிக் காட்டினான்.
ஒரு பக்கம் ஃப்ரீவீல்.
மறுபக்கத்துக்கு நான் வைத்த பெயர் பிடிபல்:
சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும்.

"இதையே எடு. பனி வழுக்கப்போவது
உள்ளங்காலுக்கு முன்பே தெரியும்."

ஒரு வாரம் ஓட்டினேன். உண்மைதான்.
சார்ஜென்ட் அவென்யூவின் ஒவ்வொரு குழியும்
முழங்காலுக்குப் பெயர் சொல்லி அறிமுகமானது.
ஒருமுறை மறந்துபோய்க் காலை நிறுத்தினேன்.
கழுதைகூட அப்படி உதைக்காது.

ஆனால்
ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில்
முந்நூறு தட்டு, நான்கு மாடி, ஒன்பது மணிநேரம்.
அங்கேதான் கால் நிற்கக் கூடாது.
ரோட்டிலுமா?

ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாம் நம்பர் ஸ்பானரோடு உட்கார்ந்து
சக்கரத்தைத் திருப்பி மாட்டினேன்.
செயின் இழுவை சரியாக வர மூன்று தடவை,
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
"ஜனவரியில் மாற்றச் சொல்லி வருவாய்" என்றான்.
வரலாம்.

தோசைக்கல் மாதிரித் தட்டையான இந்த ஊரில்
எனக்கென்று ஓர் இறக்கம் உண்டு:
ரயில் பாலத்துக்கு அடியில் குனியும் சாலை.
விடியுமுன், எதிர்க்காற்று இல்லாத நாளில்
முழுசாய்ப் பதினோரு விநாடி.
பின்னால் ஃப்ரீவீல் டிக்டிக்கென்று எண்ண
நான் ஒன்றுமே செய்யாமல்
போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பக்கம் ஏற்றம்.
இருக்கட்டும்.