ஆறு மைக்ரான்

திரும்பி வந்தது நானூற்றுப் பதினேழு.
பைக்குள் இன்னொரு பை,
அதையும் மீறி அந்த நாற்றம்.
பெள்ளந்தூர் ஏரிக்கரையில் கழிவுநீர்க் கிணற்றில்
பதினோரு மாதம் மூழ்கிக் கிடந்த அழுத்த உணரி.
நாலு மீட்டர், நாலு மீட்டர் என்று
மூன்று நாளாய் ஒரே பாட்டாம்,
கிணறு முழங்காலுக்கு வற்றிய பிறகும்.

பீணியா இரண்டாம் கட்டத்தில்
மாவு மில்லுக்கும் போல்ட் பட்டறைக்கும் நடுவே எங்கள் அறை.
செருப்பை வெளியே விட்டு, தலைக்கு உறை மாட்டி நுழையவேண்டும்.
வெள்ளைத் தூளை நிறுத்து
அலுமினியத் தாள் தொன்னையில் வைப்பேன்.
நூற்றைம்பது டிகிரியில் ஆவியாகும்.
அறுநூற்று எண்பதில் தன் இணையை முறித்துக்கொள்ளும்.
பிறகு வெற்றிடத்துக்குள் வந்து
குளிர்ந்த எதைக் கண்டாலும் அதன்மேல் படியும்.
தூரிகை இல்லை, சொட்டு இல்லை, வழிசல் இல்லை,
கம்பியின் முதுகைக்கூட விடாது.

ஒருமுறை எறும்பு ஒன்று உள்ளே போய்விட்டது.
எடுத்தபோது கால் ஆறும் மீசை இரண்டும் அப்படியே.
தண்ணீரில் போட்டோம், நனையவில்லை.
பிலோமினா அதைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி
பேட்ச் எண் கொடுத்தாள்.

படலம் ஆறு மைக்ரான்.
பத்தானால் உணரிக்குத் தோல் தடித்துவிடும்,
பாரத்தைப் பாதிதான் சொல்லும்.
இரண்டானால் சாக்கடை உள்ளே குடிவந்துவிடும்.
தொடவிடாமல் அழுத்தவிட வேண்டும்.
காலை எட்டு மணி மெஜஸ்டிக் பஸ்ஸில்
எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத கணக்கு அது.

நானூற்றுப் பதினேழைக் கழுவி
உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன்.
கருஞ்சளி போனபின் படலம் பளபளத்தது.
ஓரத்தில் மட்டும் இரண்டு கீறல்,
இணையாக, நொய்யரிசி முனையளவுகூட இல்லை.
அவற்றுக்கு நடுவில் உள்ள தூரம்
எனக்குத் தெரியும்.
என் இடுக்கியின் வாய் அது.

நவம்பர் ஒன்பது, இரண்டாம் ஷிப்ட், கையெழுத்து என்னுடையது.
அன்று என்ன நினைப்பில் இருந்தேன்?
பெரிதாக ஒன்றுமில்லை.
கேஸ் சிலிண்டர் வந்ததா என்று
பக்கத்து வீட்டில் கேட்கச் சொல்லவேண்டும் என்று.
அவ்வளவுதான்.

பம்பு ஆபரேட்டர் சித்தலிங்காவே போன் செய்தான்.
மோட்டார் வறண்டு ஓடி வாடை வந்திருக்கிறது.
திரையை நம்பாமல் மூடியைத் திறந்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஏணியில் நாலு படி இறங்கி
டார்ச் அடித்துப் பார்த்தானாம்.
"ஒண்ணும் ஆகலக்கா" என்றான், அவனுடைய கன்னடத் தமிழில்.
யாரும் இறங்கக் கூடாது என்றுதான் அங்கே உணரி வைத்தது.
அதை அவன் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் பம்பின் இரைச்சல் மட்டும்.

படிவத்தில் ஒரு கட்டம்: மூல காரணம்.
"தூசுன்னு போட்டுடலாமே"
மேனேஜர் தேவாசீர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
தூசுக்குக் கையெழுத்து கிடையாது.
மெட்ரோ தூண் வேலை, மாவு மில், ஏசி வடிகட்டி,
யார்மேல் வேண்டுமானாலும் படியும்.
பேனா கொஞ்சம் நின்றது.
'இடுக்கி' என்று எழுதினேன்.
பிறகு அதற்கு முன்னால் இருந்த சிறிய இடத்தில்
நெருக்கி, 'என்'.

அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் புது உணரிகள் பதினெட்டும்
சோதனை மேசையில் காற்றை நிறுத்துக்கொண்டிருந்தன.
இந்த ஊரில் காற்றே கொஞ்சம் லேசு,
தொண்ணூற்றொரு கிலோபாஸ்கல்.
கடைசி இலக்கம் இறங்கியது, பிறகு எல்லாவற்றிலும் இறங்கியது.
ஜன்னல் இல்லாத அறையில்
"மழை வருது" என்றாள் பிலோமினா, திரையைப் பார்த்து.

இடுக்கியின் இரு முனைக்கும்
டெஃப்லான் உறை மாட்டிக்கொண்டிருந்தேன்.
ஒன்று சரியாக நுழைந்தது.
மற்றது இன்னும் இல்லை.